வைஷாலி வேலைக்குப் போகும் ஊர்

உட்காரு மலர்க்கொடி, உட்காரு. ஸ்ரீரங்கத்திலிருந்து வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நாற்காலி ஆடும், இந்தப் பக்கம் வா. பையை ஏன் மடியிலேயே வைத்திருக்கிறாய்? கீழே வை. இது ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு இல்லை.

நான் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போவதைப் பார்த்துப் பயப்படாதே. உன் விஷயம் முடிந்துவிட்டது. நல்ல வீடு. பெரியவர் படுத்த படுக்கைதான், ஆனால் வாய் கிடையாது. மருமகள் பேங்கில் வேலை. உனக்குத் தனி அறை இல்லை, அவர் அறையிலேயே படுக்க வேண்டும், ராத்திரி எழுப்பித் திருப்பிப் போட வேண்டும், அதெல்லாம் நீ செய்யாததா. என் யோசனை வேறு. இன்றைக்கு ஐந்து மணிக்குள் ஒரு பணம் கட்ட வேண்டும். கட்டுவதா விடுவதா என்று காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பணம் இல்லாமல் இல்லை. இந்த போனில்தான் இருக்கிறது. விரலால் தொட்டால் போய்விடும். அதனால்தான் தொடாமல் இருக்கிறேன்.

என் மகள் வைஷாலி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஆஸ்பத்திரி மிஷின்களைப் பற்றிய இன்ஜினியரிங். சேரும்போதே கோ-ஆப் என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதில்தான் சேருவேன் என்றாள். நான் கூட்டுறவுச் சங்கம் என்று நினைத்தேன். அவள் அப்பா, "ரேஷன் கடையிலயா வேலை போட்டுத் தருவாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் நான் சொன்னால் சரி அவருக்கு.

அது என்னவென்றால், ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் ஏதாவது கம்பெனியில் வேலை. திரும்ப வகுப்பு, திரும்ப வேலை. கம்பெனிக்காரன் கொஞ்சம் சம்பளமும் கொடுப்பான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சேர்த்த பிறகுதான் தெரிந்தது, வேலைக்குப் போகிற அந்த ஆறு மாதத்துக்கும் காலேஜுக்குக் கட்டணம் உண்டு. பாடம் கிடையாது. வாத்தியார் கிடையாது. பெஞ்சு தேயவில்லை, மின்விசிறி ஓடவில்லை. பிள்ளை வேறொரு ஊரில் வேறொருத்தனுக்கு உழைக்கிறது. அதற்கு இவர்களுக்கு எதற்குப் பணம்? வேலை வாய்ப்புக் கட்டணம் என்று அதற்கு ஒரு பெயர் வேறு.

நீயே சொல்லு. வேலை செய்தால் கூலி வாங்குவார்களா, கொடுப்பார்களா? என்னை வேலை செய்ய விடு, இந்தா காசு என்று எந்த ஊரிலாவது உண்டா?

என்ன, பையைத் துழாவுகிறாய்? ஓ, பதிவுப் பணமா. இப்படி வை. எண்ணவெல்லாம் வேண்டாம், உன்மேல் நம்பிக்கை இருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தில் பாதியை நான் பிடித்துக்கொள்வேன் என்று போனிலேயே சொன்னேன், நினைவிருக்கிறது இல்லையா? அது வேறு, இது வேறு. மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே. நான் உனக்கு வீடு பார்த்துத் தருகிறேன். அந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும், எதற்கு வாய் திறக்கக் கூடாது என்று சொல்லித் தருகிறேன். நடுவில் ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பேன். யாராவது உன்மேல் கையை வைத்தால் அன்றைக்கே வண்டி அனுப்பி அழைத்துக்கொள்வேன். இதையெல்லாம் சும்மா செய்ய முடியுமா? இந்த மாடிக்கு வாடகை யார் கொடுப்பது?

காலேஜ்காரன் என்ன செய்கிறான்? அங்கே திவாகர் என்று ஒரு சார் இருக்கிறார். பிள்ளைகளைக் கம்பெனிகளுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. அவரிடம் நேருக்கு நேராகவே கேட்டேன், எதுக்கு சார் இந்தப் பணம் என்று. கம்பெனி பார்த்துக் கொடுக்கிறோம் என்றார். இன்டர்வியூவில் எப்படிப் பேச வேண்டும் என்று பழக்குகிறோம் என்றார். நடுவில் ஒரு தடவை போய்ப் பார்க்கிறோம், ஏதாவது தப்பு நடந்தால் பிள்ளையை வெளியே எடுத்துவிடுவோம் என்றார். வாயாலேயே பந்தல் போடுகிற ஆள். பிழைக்கத் தெரிந்தவர்கள், மலர்க்கொடி. நமக்குத்தான் தெரியவில்லை.

தண்ணீர் குடிக்கிறாயா? எனக்கு வேண்டும்.

முதல் தடவை ஓசூரில் போட்டார்கள். மூச்சு விடச் சிரமப்படுகிறவர்களுக்கு வைப்பார்கள் பார், ஆக்சிஜன் மிஷின், அது செய்கிற கம்பெனி. பெயரைக் கேட்டதும் பெரிய இடம் என்று நினைத்தேன். என் தொழிலில் ஆளை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் ஆகாது. சொல்லாமல் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் உண்மை தெரியும். அப்படித்தான் ஒரு நாள் சொல்லாமல் போனேன். வாசலில் ஒருத்தன் விசிட்டரா, வெண்டரா என்றான். அம்மா என்றேன். அதற்குத் தனிப் புத்தகம் இல்லை போல, விழித்தான்.

உள்ளே போய்ப் பார்த்தால், என் பெண் கடைசி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் திரும்பி வந்த மிஷின்கள். ஓடாதது, உறுமுவது, மூடி உடைந்தது. அதைத் திறந்து பார்த்து என்ன கோளாறு என்று எழுதுவது அவள் வேலை. முகத்தில் எண்ணெய்க் கறை. நான் வந்து நிற்கிறேன், அவள் எழுந்திருக்கவில்லை. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். "சார், பயப்படாதீங்க. இடது பக்கம் ஒரு திருகு இருக்கும். அரைச் சுத்து மட்டும். இப்ப காதை வச்சுக் கேளுங்க. இருமற மாதிரி சத்தம் வருதா? வரணும். வந்தா சரி." அந்தப் பக்கம் ஏதோ ஊர் ஆஸ்பத்திரிக்காரன். மிஷின் ஓடிவிட்டது போல. அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை பணம் கட்டிப் படிக்க வைத்து, ரிப்பேர் கடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நீ சொல்லு, இதற்குக் கட்டணமா? என்ன கேட்கிறாய்? அவள் சந்தோஷமாக இருந்தாளா என்றா? இருந்தாள், இருந்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஒன்று சொல்கிறேன், இது உனக்கும் தெரிய வேண்டியதுதான். எந்த வீட்டிலும் மூன்று மாதத்துக்கு மேல் நான் ஒருத்தியை வைக்க மாட்டேன். முதல் மாதம் நோயாளி முகம் சுளிப்பார். இரண்டாம் மாதம் உன் கைக்குப் பழகிவிடுவார். மூன்றாம் மாதம் நீ இல்லாமல் கஞ்சி இறங்காது. அப்போது நான் அந்த வீட்டுக்கு போன் போடுவேன். இந்தப் பெண்ணை வேறு இடத்தில் கேட்கிறார்கள், உங்களுக்கு வேறு ஆள் அனுப்புகிறேன் என்பேன். ஆடிப்போவார்கள். வேண்டாம்மா, இவங்களே இருக்கட்டும், கூடக் குறையப் பார்த்துத் தர்றோம் என்பார்கள். கூடத் தந்தால் விட்டுவைப்பேன். இல்லையென்றால் நிஜமாகவே மாற்றிவிடுவேன். விட்டால் வீட்டுக்காரனும் நீயும் ஒன்றாகிவிடுவீர்கள். நடுவில் வளர்மதி என்று ஒருத்தி இருந்தது யாருக்கும் நினைவிருக்காது. இத்தனை வருஷத்தில் இந்த வழி எனக்குத் தப்பியதே இல்லை.

அதனால் மூன்றாம் மாதம் ஓசூர் மேனேஜருக்கு போன் போட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? என் பிள்ளைக்கு நான் பேசாமல் யார் பேசுவது? அந்தத் திவாகரா பேசுவார்?

நல்ல மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். வைஷாலிக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, நான் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன், நீங்கள் சம்பளத்தைக் கொஞ்சம் பார்த்துப் போட்டால் இங்கேயே இருக்கட்டும் என்றேன். அந்த ஆள், நீங்கள் காலேஜிலிருந்தா பேசுகிறீர்கள் என்று கேட்டான். நான் அவள் அம்மா என்றேன். அம்மாவா என்று திரும்ப ஒரு தடவை கேட்டுக்கொண்டான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு சொன்னான், "நல்ல பொண்ணுங்க. நல்ல இடமா கிடைச்சிருந்தா சந்தோஷமா போகட்டும்."

சந்தோஷமா போகட்டும்! ஒரு வார்த்தை இழுக்கவில்லை, பேரம் பேசவில்லை. எந்த வீட்டிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை. படுத்திருக்கிற நோயாளி இல்லை பார், அதுதான். மிஷினுக்கு யார் கை என்று தெரியுமா?

அன்றைக்கே அவன், வைஷாலி விலகிக்கொள்கிறாள் என்று காலேஜுக்கு எழுதிப் போட்டுவிட்டான். மறுநாள் காலை கம்பெனி வாசலில் அவள் அட்டையைக் காட்டினால் கேட் திறக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது பாவம். அட்டைதான் கெட்டுவிட்டது என்று துடைத்துத் துடைத்துக் காட்டியிருக்கிறாள். பின்னால் வரிசை நின்றுவிட்டது. செக்யூரிட்டிதான் சொல்லியிருக்கிறான், உங்க அம்மா பேசினாங்களாமே என்று.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன், ஒரு வார்த்தை கத்தவில்லை. போன் பண்ணினேன், எடுத்தாள். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாள். வேறு இடம் பார்க்கலாம் என்றேன். சரி என்றாள். பிள்ளைகள் கத்தினால் சமாளித்துவிடலாம். இது என்ன, தபாலாபீஸில் பேசுகிற மாதிரி.

அந்தத் திவாகர் ஓடி அலைந்து இரண்டு வாரத்தில் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொடுத்தார். மிஷின்கள் பராமரிக்கிற பிரிவு. மீதி மாதங்கள் அங்கே ஓடின. அந்த ஆறு மாதம் வீணாகாமல் கணக்கில் சேர்ந்துவிட்டது. இப்போது யோசித்துப் பார். வேறு இடம் வந்திருக்கிறது என்று நான் சொன்னேன். வந்துவிட்டதா இல்லையா? நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

ஆனால் அந்த இரண்டு வாரம் வேலை இல்லாமல் இருந்தாளே, அதற்கு உண்டான கட்டணத்தைக் கழிக்க வேண்டுமா வேண்டாமா? ஆள் இல்லாத நாளுக்கு நான் வீட்டுக்காரர்களிடம் கழித்துக்கொள்கிறேன். அது நியாயம். பஸ் ஏறிப் போய்த் திவாகரிடம் கேட்டேன். அவர் மேஜையில் மதியச் சாப்பாடு திறந்தபடி இருந்தது, சாப்பிடவில்லை. என்னைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "மேடம், நீங்க கட்டின பணத்துக்கு நாங்க நிஜமா வேலை செஞ்சதே அந்த ரெண்டு வாரம்தான்" என்றார்.

திமிரைப் பார்.

மணி என்ன? அந்தக் கடிகாரம் வேண்டாம், அது முந்தி ஓடும். உன் போனில் பார்த்துச் சொல். சரி, நேரம் இருக்கிறது.

இப்போது இரண்டாவது தடவை. இந்த மாதக் கடைசியில் சேர வேண்டும். இந்தத் தடவை காலேஜ் ஒன்றும் தேடவில்லை. அவளே தேடிக்கொண்டாள். ஓசூரில் இருந்தபோது போனில் திருகைத் திருப்பச் சொன்னாள் என்றேனே, அந்த மாதிரி யாரோ ஒருத்தர் அவளை மறக்காமல் வைத்திருந்து, எங்களிடம் வா என்று கூப்பிட்டிருக்கிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்பாடா, கட்டணம் மிச்சம் என்று சொன்னேன். நீயே பிடித்த வேலைக்கு எவனுக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்றேன்.

கட்டணும்மா என்றாள். அவளே பிடித்தாலும் கட்டணம் உண்டாம். விதியாம். நீ சொல்லு, இது கொள்ளை இல்லையா? அவளே தேடி, அவளே பேசி, அவளே முடித்த வேலை. இவன் நடுவில் கையை நீட்டுகிறான். நான் இதைச் சொல்லிக் கத்தியபோது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சகாயராணி அக்காவும் தானாத்தான் வீடு புடிச்சாங்க."

சகாயராணி யார் என்று உனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தவள். நான் அனுப்பிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள் என்று என்னிடம் சொல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்துகொண்டாள். அந்த கேட்டில் போய் நின்று என் பங்கை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வைஷாலி அப்போது பள்ளிக்கூடம் முடிந்து ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதையெல்லாம் மனசில் வைத்திருக்கிறது பார் இந்தக் காலத்துப் பிள்ளை. அது வேறு. நான் காட்டிய தெருவில்தானே அந்தப் பக்கத்து வீடு இருந்தது? நான் அனுப்பாவிட்டால் அவள் அந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டாள்.

போகட்டும். கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எந்த ஊர், எந்த இடம், பெயரைச் சொல், ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றேன்.

சொல்ல மாட்டேன் என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பணம் கட்டினா எல்லாம் திவாகர் சார் வழியாத்தான்மா நடக்கும். நான் சேர்ற இடத்துல வீட்டு ஆளுங்ககிட்ட பேச மாட்டாங்க. என்ன கேக்கணும்னாலும் சார்கிட்ட கேளு, அவர் என்கிட்ட கேப்பார். எனக்கு அதான் வேணும். அந்தப் பணம் வேலைக்கு இல்லை. நடுவுல ஒரு ஆளுக்கு."

யாருக்கும் யாருக்கும் நடுவுல என்று கேட்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இரு. கீழே ஏதோ வண்டி சத்தம். இல்லை, கேஸ் வண்டி. காற்றைப் பார், ஆடி பிறக்கவில்லை, அதற்குள் கதவை உடைக்கிறது.

இப்போது புரிகிறதா என் நிலைமை? இன்றைக்கு நான் கட்டாவிட்டால் அவளைக் கோ-ஆப்பிலிருந்து எடுத்துச் சாதாரண வகுப்பில் போட்டுவிடுவார்கள். அவள் பிடித்த இடமும் போய்விடும். காலேஜ் வழியாக வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம், இன்சூரன்ஸ் என்று என்னவோ இருக்கிறது. போனால் போகட்டும். ஆறு மாதம் ஹாஸ்டலில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். எங்கே இருக்கிறாள் என்று தெரியும், என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியும். கட்டினால் ஆறு மாதம் என் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. என் காசைக் கொடுத்து என்னை வெளியே நிறுத்த ஒரு ஆள் வைக்கிறேன். யாராவது செய்வார்களா?

காலையில் திவாகருக்கு போன் பண்ணினேன். என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், வைஷாலி என்கிற பெண் எங்கே சேரப் போகிறாள், எங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும் என்றேன். குரலைக்கூட மாற்றித்தான் பேசினேன். முழுசும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வைஷாலி அம்மாதானே, சாப்டீங்களா?" என்கிறார். வயது வந்த பிள்ளை, அவள் சொல்லாமல் நான் சொல்ல முடியாது என்கிறார். எவ்வளவோ பேசிப் பார்த்தேன். கடைசியில் அழுதுகூடப் பார்த்தேன். அந்த ஆளுக்குப் பழகிவிட்டது போல. என்னை மாதிரி தினம் நாலு பேர் அழுவார்கள்.

போன் அடிக்கிறது. இது ஆபீஸ் போன். பேசாமல் இரு.

"வளர்மதி ஹோம் கேர். சொல்லுங்க... யாரு? ... மலர்க்கொடியா?... தொட்டியத்துக்காரங்களா? அந்தப் பேர்ல யாரும் இங்க வரலையே... இல்லீங்க... முசிறிப் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, அவங்க பேரு வேற... போட்டோவெல்லாம் எதுக்குங்க, ஆள் வந்தாத்தானே... நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? ... சரிங்க. வந்தா சொல்றேன்."

ஏன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிறாய்? வைத்துவிட்டான். உன் அண்ணனாம். குரல் நல்ல குரலாகத்தான் இருக்கிறது. குடிகாரனோ? இல்லையா. அடிப்பானோ? அதுவும் இல்லையா. பிறகு என்ன?

மெதுவாகச் சொல், காற்றில் கேட்கவில்லை.

சரி. நீ வேலை செய்கிற வீட்டு வாசலில் வந்து நிற்பாரா. என் தங்கச்சிக்கு இவ்வளவுதான் சம்பளமா, தரையிலயா படுக்க வச்சிருக்கீங்க என்று கேட்பாரா. கேட்டு, அந்த வீட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு போங்கள் என்று விட்டுவிட்டார்களா. இரண்டு வீடு போய்விட்டதா இப்படி. பாசம்தான் என்கிறாய். சொந்தக் காசில் பஸ் ஏறித்தான் வருவார் என்கிறாய். பழம் வாங்கிக்கொண்டுதான் வருவாரா?

இதற்கு ஏன் அழுகிறாய்? இப்படி ஆயிரம் பார்த்திருக்கிறேன். பாசம் இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்கிற இடத்தில் கொண்டுவந்து கொட்டினால் பாதிக்கப்படுவது யார்? அந்த மனிதருக்கு அது ஏன் புரியவில்லை? கவலைப்படாதே. நீ எந்த வீட்டில் இருக்கிறாய் என்று என் வாயிலிருந்து வராது. என்ன, அதற்காகத்தான் என்னிடம் வந்தாயா? நேரடியாகவே ஒரு வீடு கிடைத்ததா உனக்கு? பதிவுப் பணம் இல்லாமலே? அதை விட்டுவிட்டா இங்கே வந்தாய்?

கெட்டிக்காரிதான்.

அப்படியென்றால் தைரியமாக இரு. நீ கொடுத்த பணம் அதற்குத்தான் என்று வைத்துக்கொள். யார் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். உன் அண்ணன் இல்லை, உன்னைப் பெத்தவளே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாலும் சொல்ல மாட்...

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஒன்றும் இல்லை. அந்த ஜன்னலைச் சாத்து. காற்று உள்ளே எல்லாவற்றையும் கலைக்கிறது. பாதி மட்டும் சாத்து.

ஐந்தாகப் போகிறதா? உன் போனில் எவ்வளவு? அவ்வளவா ஆகிவிட்டது?

இந்தா, என் கண்ணாடி அந்த மேஜைமேல் இருக்கிறது, எடு. இது எங்கே இருக்கிறது பார்... கட்டணம். வேலை வாய்ப்பு. மாணவி பெயர் வந்துவிட்டது. பார், வைஷாலி என்று எவ்வளவு அழகாக வருகிறது. கட்டுபவர் யார் என்று கேட்கிறது. தாய். அதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள், பரவாயில்லை. கீழே ஏதோ நீளமாக எழுதியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று தொட வேண்டுமாம். படிக்க நேரம் இல்லை. படித்தால் தொட மாட்டேன்.

தொட்டுவிட்டேன்.

சுற்றிக்கொண்டே இருக்கிறது. போகாமல் இருந்தால்கூட நல்லதுதான். சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாம், என் தப்பு இல்லை. சுற்றட்டும்.

போய்விட்டது.

ஒன்றும் ஆகவில்லை பார். இவ்வளவு பணம் போயிருக்கிறது, பல்லி கத்தின சத்தம் கூட இல்லை.

என் போன் அடிக்கிறது, அவள்தான். அதற்குள் அவளுக்குச் சேதி போய்விட்டது. இரு.

"ம்... கட்டிட்டேன்... ஆமா, இப்பத்தான்... இல்ல, அப்பாகிட்ட சொல்லலை, சொல்லிக்கலாம்... எங்க இருக்கே? சரி சரி, சொல்ல வேண்டாம், ரூம்தானே பாக்கப் போயிருக்கே... தண்ணி வருதான்னு பாத்துக்க. ஜன்னலுக்குக் கம்பி இருக்கான்னு பாரு... என்ன சத்தம் அது பின்னால?... ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டேன்... வைஷாலி... ஒண்ணும் இல்லடி. வச்சிடு."

எந்த ஊர் என்று கேட்டேனா? நீ பக்கத்தில்தானே இருந்தாய், சொல், கேட்டேனா? எங்கே இருக்கே என்று வாய் தவறி வந்தது, உடனே நிறுத்திக்கொண்டேன். தேங்க்ஸ்மா என்றாள். அழுதாளோ என்னவோ. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பின்னால் மழை. தகரக் கூரைமேல் விழுகிற மழை, நல்ல கனமான மழை. அவள் பேசுவதே அதில் பாதி அடித்துப் போய்விட்டது.

இங்கே பார், வெயில். ஒரு சொட்டு இல்லை. கோயம்புத்தூரில் இருந்தால் இப்படி அடிக்காது. ஊட்டிப் பக்கமா? அங்கே என்ன கம்பெனி இருக்கிறது? நாகர்கோவிலோ? கேரளாவாக இருக்குமோ, பாலக்காடு மாதிரி? கேரளா என்றால் பாஷை என்ன செய்வாள்?

கீழே ஹாரன் அடிக்கிறான். இது உன் வண்டிதான், வெள்ளைக் கார். பையை எடுத்துக்கொள். அந்த மருமகள் கேட்டால் நர்சிங் படித்திருக்கிறேன் என்று சொல்லாதே, அனுபவம் இருக்கிறது என்று மட்டும் சொல். உன் அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். தைரியமாகப் போ.

மலர்க்கொடி, ஒரு நிமிஷம். போகிறபோது அந்த டி.வி.யைப் போட்டுவிட்டுப் போ. ஐந்து மணிச் செய்தி ஆரம்பித்திருப்பான். எந்தெந்த ஊரில் மழை என்று சொல்வான்.